மர்மக் கதை வந்த வழி – 9: காணாமல் போன இரவு உடை

சென்ற வாரம் எமில் கபோரியோவையும் அவருடைய துப்பறிவாளர் லெகோக்கையும் பாரிஸில் விட்டுவிட்டு வந்தோம். இப்போது கடலைத் தாண்டினால் லண்டன். வருடம் 1868. ஸ்ட்ராண்ட் பகுதியில் வெலிங்டன் தெரு என்று ஒன்று. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழின் அலுவலகம் அங்கேதான் இருந்தது. புது இதழ் வெளிவரும் நாளில் அதன் வாசலில் கூட்டம் நெருக்கும். மூட்டை தூக்குகிறவர்களும் எடுபிடிப் பையன்களும் முதுகுச் சுமையைக்கூட இறக்காமல் மூலையில் ஒதுங்கி நின்று படித்தார்கள் என்று, அந்தக் கதையைப் புத்தகமாகப் போட்ட வில்லியம் டின்ஸ்லி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். போதாததற்குப் பந்தயம் வேறு. காணாமல் போன வைரம் கடைசியில் எங்கே அகப்படும் என்று காசு கட்டினார்களாம்.

கதையின் பெயர் ‘தி மூன்ஸ்டோன்’. எழுதியவர் வில்கி காலின்ஸ். ஜனவரி 4-ஆம் தேதி இதழில் தொடங்கி ஆகஸ்ட் 8-ஆம் தேதி இதழில் முடிந்தது. மொத்தம் 32 வாரம். யார்க்‌ஷயர் கடலோரத்தில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுப் பெண் ரேச்சலுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். செத்துப்போன தாய்மாமன் உயிலில் எழுதிவைத்த மஞ்சள் வைரம் அன்று அவள் கைக்கு வருகிறது. மறுநாள் காலை அதைக் காணோம். வீட்டுக்குள் விருந்தாளிகளும் வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி வித்தைக்காரர் வேஷத்தில் மூன்று இந்தியர்கள் திரிகிறார்கள். எடுத்தது யார்?

நான் சொல்லப் போவதில்லை. பள்ளி நாட்களில் எங்கள் ஊர் வாடகை நூல் நிலையத்தில் எனக்கு முன்னால் எல்லா மர்ம நாவலையும் எடுத்துப் படித்துவிடும் புண்ணியவான் ஒருவர் இருந்தார். ஐந்தாம் பக்கத்து ஓரத்திலேயே பச்சை மசியில் ‘கொன்றது மைத்துனன்’ என்று எழுதிவைத்துவிடுவார். அவர் யார் என்று கடைசிவரை என்னால் துப்புத் துலக்க முடியவில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் இந்த அத்தியாயத்தின் தேவைக்காக, எடுக்காதவர் ஒருவரை மட்டும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் இதழைப் பிரித்தவர்களுக்கு எடுத்த எடுப்பில் யார்க்‌ஷயர் கிடைக்கவில்லை, ஸ்ரீரங்கப்பட்டணம் கிடைத்தது. 1799 மே 4. பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் படை அன்று கோட்டை மதிலின் உடைப்பு வழியே ஏறியது. திப்பு சுல்தான் அன்றே வீழ்ந்தார். அன்றிரவு நகரம் முழுக்கக் கொள்ளை. அதை அடக்குவதற்கு ஆர்தர் வெல்லஸ்லி சில சிப்பாய்களைத் தூக்கில் போட வேண்டியிருந்தது. அவர்தான் பின்னாளில் வெலிங்டன் பிரபு. கூட்டம் நெருக்கிய அந்த லண்டன் தெருவுக்கு வைத்திருந்ததும் அவர் பெயரே.

இவ்வளவும் வரலாறு. இதற்குள் காலின்ஸ் ஓர் ஆளை நுழைத்தார். ஹெர்ன்காசில் என்ற அதிகாரி திப்புவின் ஆயுதசாலையில் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் ரத்தம் சொட்டும் கட்டாரியுமாக நிற்கிறான். காலடியில் காவல்காரர்கள் கிடக்கிறார்கள். கட்டாரியின் பிடியில் பதிந்திருக்கிறது ஒரு மஞ்சள் வைரம். முன்னொரு காலத்தில் சோமநாதபுரத்துச் சந்திரன் சிலையின் நெற்றியில் இருந்த கல். ஆக, கதையின் முதல் திருடன் ஓர் ஆங்கில அதிகாரி. சிப்பாய்க் கலகம் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. இந்தியன் என்றாலே கொடூரன் என்று லண்டன் பத்திரிகைகள் பழக்கிவைத்திருந்த நேரம். திருட்டுச் சொத்து நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது, தேடிக்கொண்டு வருகிறவர்கள் அதன் சொந்தக்காரர்கள் என்று தொடங்க நெஞ்சுரம் வேண்டும். அதற்காக காலின்ஸ் நம்மவர்களைப் பற்றிப் பழைய கட்டுக்கதை எதுவும் எழுதவில்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த மூன்று பிராமணர்களும் ஒரு சின்னப் பையனின் உள்ளங்கையில் மையை ஊற்றிக் குறி கேட்கிறார்கள். நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பவர்கள் வெற்றிலையில் தடவுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வைரத்தின் மூலம் எது என்று காலின்ஸே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். இரண்டு அரசக் கற்களைப் பற்றிய கதைகள் அவருக்கு உதவின. ஒன்று கோஹினூர். 1849-ல் பஞ்சாபைப் பிடித்தபோது கம்பெனியார் பறித்த கல், 1851-ல் லண்டன் கண்காட்சியில் கூண்டுக்குள் வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கவே, அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளிகளை வரவழைத்துப் புதிதாகத் தீட்டினார்கள். 186 காரட் 105-க்கு வந்துவிட்டது. நாவலிலும் ஆம்ஸ்டர்டாம் வரும். வைரத்தை அங்கே அனுப்பித் துண்டு போட்டுவிட்டால் அதன் அடையாளமே அழிந்துவிடும் என்ற பயம் கதையின் முதுகெலும்புகளில் ஒன்று.

மற்றொன்று ரஷ்யச் செங்கோலின் உச்சியில் இருக்கும் ஓர்லோவ் வைரம். அது இந்தியச் சாமி சிலை ஒன்றின் கண்ணாக இருந்தது என்று காலின்ஸ் குறிக்கிறார். எந்தச் சாமி? ஐரோப்பாவில் வழங்கிவந்த கதைப்படி நம் ஸ்ரீரங்கத்துப் பெருமாள்! பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிய ஒரு சிப்பாய் பக்தன் வேஷம் போட்டுக் கோயிலுக்குள் நுழைந்து, ஒரு புயல் இரவில் கண்ணைப் பெயர்த்துக்கொண்டு, சென்னையில் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனிடம் 2,000 பவுனுக்கு விற்றானாம். ஏழு பிராகாரங்களையும் ஒருமுறை சுற்றி வந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆதாரம் என்று எதுவும் கிடையாது. கதை பொய்யாக இருக்கலாம், கல் மெய். 189 காரட்டுக்கு மேல் எடை, இன்றும் மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், நம்முடையது அந்திய ரங்கம். இரண்டும் காவிரித் தீவு, இரண்டிலும் பள்ளிகொண்டிருப்பவர் ஒருவரே. இந்தியாவுக்கே வராத ஒரு லண்டன்காரர் தம் கதைக்கு எடுத்த சரக்கில் பாதி, அந்த ஒரு நதியின் இரண்டு தீவுகளிலிருந்து போயிருக்கிறது.

இனி காசுக் கணக்கு. அந்தக் காலத்தில் ஆங்கில நாவல் மூன்று பாகமாக அச்சாகி, 31 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்கும். வயல்வேலைக்காரரின் இரண்டு வாரக் கூலியைவிட அதிகம். அதனால் புத்தகத்தை யாரும் வாங்குவதில்லை. மூடி என்பவரின் வாடகை நூல் நிலையத்துக்கு வருடச் சந்தா 21 ஷில்லிங் கட்டி, ஒரு நேரத்தில் ஒரு பாகமாக எடுத்துப் படிப்பார்கள். இரண்டாம் பாகம் வேறொருவர் கையில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழோ 2 பென்ஸ். 32 வாரத்துக்கு 64 பென்ஸ், அதாவது 5 ஷில்லிங் 4 பென்ஸ். எஜமானர் படித்த இதழ் சமையற்கட்டுக்கு வரும். அங்கிருந்து குதிரை லாயத்துக்குப் போகும். மர்மக் கதை வேலைக்காரர்களைச் சந்தேகிக்கும் கதை. இப்போது அதை வேலைக்காரர்களே படித்தார்கள்.

பெரிய மனிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. ‘கிளர்ச்சி நாவல்கள்’ என்று பெயர் வைத்து 1860-களில் பக்கம் பக்கமாகத் திட்டினார்கள். ஹென்றி மான்சல் 1863-ல் எழுதிய நீண்ட கட்டுரையின் குற்றச்சாட்டு என்னவென்றால், இந்தக் கதைகள் அறிவோடு பேசுவதில்லை, நரம்போடு பேசுகின்றன. தெருவோரத்து மிட்டாய்போல் ருசி பழக்கிவிடுகின்றன. திட்டியவர்களும் ஒளித்துவைத்துப் படித்தார்கள் என்றே நினைக்கிறேன். காலின்ஸின் முந்தைய தொடர் ‘தி உமன் இன் ஒயிட்’ 1859–60-ல் வந்தபோது அந்தப் பெயரில் தொப்பியும் வாசனைத் தைலமும் நடன இசையும் விற்றன. நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் நாடகத்துக்குப் போவதையே விட்டுவிட்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அந்த நாவலுக்கு நேர்ந்த இன்னொன்று, நம் கதைக்கு அதைவிட முக்கியம். ‘டைம்ஸ்’ விமர்சகர் தேதிகளை வரிசையாகக் கூட்டிப் பார்த்து, கதையின் முடிச்சே நிற்கும் அந்த ரயில் பயணம் ஆசிரியர் சொல்லும் நாளில் நடந்திருக்கவே முடியாது, கணக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இடிக்கிறது என்று எழுதிவிட்டார். காலின்ஸ் வாயடைத்துப்போய் அடுத்த பதிப்பில் திருத்தினார். ஒரு நாவலைப் படிக்கிறவர் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறார் என்றால் ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம். ‘மூன்ஸ்டோன்’ எழுத உட்கார்ந்தபோது, தம்மை நம்பாத வாசகருக்காக எழுதுகிறோம் என்பது காலின்ஸுக்குத் தெரியும்.

அதனால் கதையைத் தாம் சொல்லாமல் சாட்சிகளிடம் விட்டார். காலின்ஸ் சட்டம் படித்து 1851-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர். ஒரு வழக்குகூட நடத்தியதில்லை. கதையில் மட்டும் கூண்டில் ஏற்றிக்கொண்டே இருந்தார். வைரம் தொலைந்து வெகுநாள் கழித்து, அந்த வீட்டு உறவினன் பிராங்க்ளின் பிளேக் ஆளுக்கொரு பகுதி எழுதித்தரும்படி கேட்கிறான். நிபந்தனை ஒன்றுதான்: நீங்கள் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள், பின்னால் தெரிந்துகொண்டதைக் கலக்காதீர்கள்.

முதல் சாட்சி வீட்டுக் காரியஸ்தர் காபிரியேல் பெட்டரெட்ஜ். எழுபது வயது தாண்டிய கிழவர். எந்தக் கஷ்டம் வந்தாலும் ‘ராபின்சன் குருசோ’வைத் திறந்து கண்ணில் படும் வரியில் பதில் தேடுவார், நம் வீடுகளில் ராமாயணத்தில் கயிறு சாத்திப் பார்ப்பதுபோல. அடுத்து மிஸ் கிளாக். கண்ட இடத்தில் பக்திப் பிரசுரங்களைச் செருகிவிட்டுப் போகும் ஏழை உறவுக்காரி. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுவிட்டு, அது ஆன்ம நன்மைக்காக என்று எழுதுவாள். இவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொருவர் எழுத்திலும் அவர்களுக்கே தெரியாமல் ஏதோ ஒன்று ஒழுகிவிடுகிறது. மிஸ் கிளாக் ஒருவரைப் புகழப் புகழ நமக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போகிறது. சொல்பவருக்குத் தெரியாதது கேட்பவருக்குத் தெரியும் இந்த இடைவெளியில்தான் காலின்ஸ் வாசகரை உட்காரவைத்தார். எட்கர் ஆலன் போவின் கதையில் நாம் துப்பறிவாளரின் பக்கத்தில் நின்று வாய் பிளந்தோம். இங்கே நம் கையில் சாட்சியக் கட்டு, எதிரே கூண்டு. தீர்ப்பு நாம்தான் எழுத வேண்டும். அதற்கு வேண்டிய துப்பு தொடக்க வாரங்களிலேயே பிறந்தநாள் விருந்து மேசையில், பேச்சோடு பேச்சாக, எல்லார் கண்ணெதிரிலும் வைக்கப்பட்டுவிடுகிறது. முடிவு தெரிந்தபின் திரும்பிப் போய்ப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். நான் பார்த்தேன், எனக்கு இருந்தது.

வாசகருக்கு இந்தச் சந்தேகக் கண் திடீரென்று முளைத்துவிடவில்லை. அதற்கு எட்டு வருடம் முன்னால் நடந்த ஒரு நிஜக் கொலைக்குப் போக வேண்டும்.

1860 ஜூன் 29 இரவு. வில்ட்‌ஷயர் எல்லையில் ரோட் என்ற சிற்றூர். தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட் குடும்பம் ரோட் ஹில் ஹவுஸ் என்ற பெரிய வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் நான்கு வயது நிரம்பாத மகன் சாவில் தொட்டிலில் இல்லை. தோட்டத்தில் வேலைக்காரர்களுக்கான கழிப்பிடத்துக்குள் கழுத்தறுபட்ட உடல் கிடைத்தது. கதவுகள் வெளியிலிருந்து உடைக்கப்படவில்லை. செய்தவர் வீட்டுக்குள் படுத்திருந்தவர்களில் ஒருவர்.

உள்ளூர்க் காவலர்கள் தடுமாறினார்கள். சமையலறை அடுப்புக்குள் ரத்தக் கறை படிந்த ஓர் உள்ளாடையைக் கண்டெடுத்து, எடுக்க வருபவரைப் பிடிக்கலாம் என்று அங்கேயே வைத்துக் காவல் இருந்து, கடைசியில் அதையும் தொலைத்துவிட்டு, வெளியே மூச்சுவிடாமல் இருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜொனாதன் விச்சர் வந்து இறங்கினார். 1842-ல் எட்டுப் பேருடன் லண்டன் காவல்துறை துப்பறியும் பிரிவைத் தொடங்கியதே, அந்த முதல் அணியைச் சேர்ந்தவர். ஒரு தோட்டக்காரரின் மகன். டிக்கன்ஸ் அவரை நேரில் சந்தித்துப் பத்து வருடம் முன்பே தம் பத்திரிகையில் புகழ்ந்து எழுதியிருந்தார்.

விச்சர் பிடித்துக்கொண்டது சலவைக் கணக்கை. மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸ், வயது 16. அவளுக்கு மூன்று இரவு உடைகள். வண்ணாத்தியிடம் போனது, மடித்திருந்தது, உடுத்தியிருந்தது என்று கூட்டினால் ஒன்று குறைகிறது. கறை பட்டதை அழித்துவிட்டு, சலவையில் தொலைந்ததுபோல் கணக்குக் காட்டியிருக்கிறாள் என்பது விச்சரின் வாதம். ஜூலை 20 அன்று அவளைக் கைது செய்தார். ஊரே எழுந்து நின்றது. நல்ல குடும்பத்துப் பெண்ணின் உள்ளுடுப்பை எண்ணிப் பார்க்கும் கூலிக்காரன்! ஒரு வாரத்தில் நீதிபதிகள் அவளை விடுவித்தார்கள். நாடாளுமன்றம் வரை பேச்சு போனது, பத்திரிகைகள் விச்சரைக் கிழித்துத் தோரணம் கட்டின.

பிறகு நடந்ததுதான் இந்தத் தொடருக்கு வேண்டியது. இங்கிலாந்து முழுக்க அந்த வழக்கைத் தொடர்கதைபோலப் படிக்கத் தொடங்கியது. வீட்டின் வரைபடம் அச்சாயிற்று. ஜன்னல் எவ்வளவு திறந்திருந்தது, நாய் குரைத்ததா என்று சாப்பாட்டு மேசையில் விவாதம். பாதிரிமார், ஓய்வுபெற்ற அதிகாரிகள், வீட்டுப் பெண்கள் என்று கண்டவர்களும் தங்கள் முடிவைக் காவல்துறைக்கும் பத்திரிகைக்கும் கடிதமாக எழுதினார்கள். மிகப் பலர் விரல் நீட்டியது தகப்பனையும் தாதிப் பெண்ணையும். டிக்கன்ஸுக்கும் அதே எண்ணம். இருவருக்கும் கள்ள உறவு இருந்தது, குழந்தை விழித்துக்கொண்டது, வாயை அடைத்துவிட்டார்கள் என்று அக்டோபரில் நம் வில்கி காலின்ஸுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். நாவல் உலகின் சக்கரவர்த்தி, தாம் புகழ்ந்த துப்பறிவாளரை நம்பாமல், நாவல்போல் பொருந்திவந்த ஒரு கதையை நம்பினார்.

ஐந்து வருடம் கழித்து, 1865 ஏப்ரலில், லண்டன் போ தெரு நீதிமன்றத்துக்குக் கான்ஸ்டன்ஸ் தானாகவே வந்து, நான்தான் செய்தேன் என்றாள். விச்சர் சொன்னது சரி. ஆனால் மனம் ஒடிந்துபோன அவர் அதற்கு முந்தின வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார். கான்ஸ்டன்ஸுக்கு விதித்த தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இருபது வருடம் கழித்து விடுதலையாகி, பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போய், செவிலியாக வேலை பார்த்து, 1944-ல் நூறு வயதில் இறந்தாள். அந்தத் தகப்பன், அந்தத் தாதி இருவர் மீதும் ஊர் அள்ளிப் போட்ட சேற்றை யாரும் முறையாகக் கழுவவில்லை.

இப்போது ‘மூன்ஸ்டோன்’ வீட்டுக்குத் திரும்புங்கள். உள்ளூர் அதிகாரி வந்து குழப்புகிறார். பிறகு லண்டனிலிருந்து சார்ஜன்ட் கஃப் வருகிறார். ஒல்லி உடம்பு, நரைத்த தலை, ரோஜாப் பைத்தியம். வைரத்தைப் பற்றிக் கேட்டால் தோட்டத்துப் பாதைக்குச் சரளை போடலாமா, புல் விடலாமா என்று தோட்டக்காரரோடு சண்டை பிடிப்பார். அவர் தகப்பனாரும் தோட்டத்தொழில்காரர்தான். கதவின் ஈரச் சாயத்தில் ஒரு கீற்று கலைந்திருப்பதைப் பார்த்து, சாயம் பட்ட உடை எங்கே என்று கேட்கிறார். சலவைக் கணக்கைக் கொண்டுவரச் சொல்கிறார். ஓர் இரவு உடை! ரோட் வழக்கைத் தினமும் படித்த வாசகர்களுக்கு அந்த வாரம் மயிர்க்கூச்செறிந்திருக்கும். ரத்தத்தின் இடத்தில் சாயம், குழந்தையின் இடத்தில் கல்.

கஃப் கடைசியில் விரல் நீட்டுவதும் வீட்டு மகளைத்தான். ரேச்சலே தன் வைரத்தை ஒளித்துவைத்து நாடகம் ஆடுகிறாள் என்கிறார். நான் முன்பே மன்னிப்புக் கேட்ட இடம் இது: அவள் எடுக்கவில்லை. கஃப் தவறு. நிஜத்தில் விச்சர் வீட்டு மகளைச் சொன்னார், சரியாகச் சொன்னார், அழிந்தார். கதையில் கஃப் அதையே சொல்கிறார், தவறாகச் சொல்கிறார், ஆனாலும் கௌரவத்தோடு டார்க்கிங் ஊருக்குப் போய் ரோஜா வளர்க்கிறார். பின்னால் வந்து தம் பிழையை ஒப்புக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்துக்கொடுக்கிறார். காலின்ஸ் இதை வேண்டுமென்றே தலைகீழாக்கினார் என்றே நான் படிக்கிறேன். விச்சரை அழித்த அதே வாசகர் கூட்டத்தின் முன்னால், தவறுகிற உரிமையுள்ள ஒரு துப்பறிவாளரைக் கொண்டுவந்து நிறுத்தி, அவரை அவர்களுக்குப் பிடிக்கவும் வைத்துவிட்டார். பெட்டரெட்ஜ் கிழவர் கஃப்போடு சுற்றும்போது தமக்கும் தொற்றிக்கொள்ளும் வேகத்தைத் துப்பறியும் காய்ச்சல் என்பார். 1860-ல் அந்தக் காய்ச்சல் கண்ட நாடு ஒரு குடும்பத்தைக் குதறியது. 1868-ல் அது 2 பென்ஸ் இதழுக்குள் வந்து, யாரையும் கடிக்காமல் விளையாடியது.

எழுதியவர் நிலைமைதான் பரிதாபம். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே தாயார் படுக்கையில் விழுந்து மார்ச் 19 அன்று காலமானார். காலின்ஸையோ கீல்வாதம் போட்டு வாட்டியது. வலி கண்ணுக்குள் ஏறியது. அடுத்த வாரத்துக்கு அச்சுக்காரன் காத்திருக்கிறான். படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல எழுதவைத்ததாகப் பின்னாளில் ஒரு முன்னுரையில் சொன்னார். அவர் அலறலைத் தாங்க முடியாமல் எழுத வந்தவர்கள் ஒவ்வொருவராக ஓடினார்கள், கடைசியில் ஓர் இளம்பெண்தான் அசையாமல் உட்கார்ந்து எழுதினாள் என்று கதை பெரிதாகிவிட்டது. நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தவர்கள், சில பக்கங்கள் தவிர அவ்வளவும் காலின்ஸ் கையெழுத்தே என்கிறார்கள். மர்மக் கதைக்காரர் தம்மைப் பற்றியும் கொஞ்சம் முடிச்சுப் போட்டுவைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வலிக்கு அவர் குடித்தது லாடனம். அபினைச் சாராயத்தில் கரைத்த மருந்து. அந்த நாளில் இங்கிலாந்தில் மளிகைக் கடையில்கூடக் கிடைத்தது, அழுகிற குழந்தைக்கும் ஊற்றினார்கள். யார் விற்கலாம், எப்படி விற்கலாம் என்று முதன்முதலாகக் கட்டுப்படுத்திய மருந்துச் சட்டம் அதே 1868 கோடையில், இந்தத் தொடர் முடியப்போகும் வாரங்களில் நிறைவேறியது. கதைக்குள்ளும் அபின் இருக்கிறது. எஸ்ரா ஜென்னிங்ஸ் என்றொரு மருத்துவ உதவியாளர். தலைமயிரில் பாதி கருப்பு, பாதி வெள்ளை. தீராத நோய்க்கு அபின் தின்று தின்று அதன் நல்லதும் கெட்டதும் அறிந்தவர். மொத்த நாவலிலும் என் மனத்தை விட்டுப் போகாத ஆள் அவர்தான். அவர் எழுதும் பகுதி வந்தவுடன் நாவலின் குரலே மாறுகிறது, வேடிக்கை நின்றுவிடுகிறது. படுக்கையில் கிடந்த மனிதர் தம் வலியை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டார். அபினுக்கும் வைரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், பச்சை மசி ஞாபகம் வரும்.

டிக்கன்ஸுக்கு முதல் பகுதிகளைப் படித்தபோது பிடித்துத்தான் இருந்தது. வீட்டுக்குள் நடக்கும் கதை, ஆனால் காட்டுத்தனமும் இருக்கிறது என்று மகிழ்ந்தார். தொடர் முடியும் தறுவாயில், 1868 ஜூலை கடைசியில், உதவி ஆசிரியர் வில்ஸுக்கு எழுதிய கடிதத்தில் குரல் மாறிவிட்டது: கட்டுமானம் சகிக்க முடியாத அலுப்பு, வாசகரை விரோதியாக்கும் ஒரு பிடிவாத அகம்பாவம் உள்ளே ஓடுகிறது என்று சலித்துக்கொண்டார். வாசலில் கூட்டம் இதழுக்கு முண்டியடிக்கும்போது ஆசிரியர் உள்ளே உட்கார்ந்து இப்படி எழுதினார். பொறாமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிக்கன்ஸ் வாசகரைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறவர், அழவைப்பவர், சிரிக்கவைப்பவர். வாசகரைக் கூண்டுக்கு எதிரே உட்காரவைத்து, நீயே பார்த்துக்கொள் என்று ஒதுங்கும் எழுத்து அவர் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை.

ஒத்துவராததை இரண்டு வருடத்துக்குள் அவரும் எடுத்தார். 1870 ஏப்ரலில் ‘எட்வின் டிரூடின் மர்மம்’ தொடங்கியது. முதல் காட்சியே லண்டனின் கிழக்கு மூலையில் ஓர் அபின் குகை. ஓர் இளைஞன் காணாமல் போகிறான். கொலையா, ஓட்டமா? மாதம் ஒரு பகுதியாகப் பன்னிரண்டு பகுதி என்பது திட்டம். ஜூன் 8 அன்று பகல் முழுக்க டிக்கன்ஸ் எழுதினார், மாலையில் சாப்பாட்டு மேசையில் சாய்ந்தார், மறுநாள் இறந்தார். மேசையில் இருந்தது ஆறு பகுதிக்கு மட்டும்தான்.

(தொடரும்)